வன்னி வீட்டில் றோபோ வக்கியூம்: புழுதிக்கு ஈடுகொடுத்து ஓட வைக்கும் முறை

தானே தரையில் ஓடித் தூசியை உறிஞ்சும் றோபோ வக்கியூம் குளிர்நாட்டு வீட்டை நினைத்துச் செய்யப்பட்ட சாமான். அங்கே யன்னல் பூட்டியிருக்கும், சப்பாத்து வாசலோடு நின்றுவிடும், தரையில் சேர்வதெல்லாம் உடுப்பு நூலும் தலைமயிரும்தான். வன்னியில் வைகாசியில் இருந்து புரட்டாதி வரை சோளகம் அடிக்கும். கிறவல் ஒழுங்கையால் ஒரு லான்ட்மாஸ்டர் போனாலே அரித்த மா மாதிரிச் செம்புழுதி யன்னல் கம்பிக்குள்ளால் வந்து தரையில் படியும். அந்தப் புழுதி பில்டரின் துவாரத்தை அடைக்கும், சில்லின் அச்சுக்குள் போகும், சென்சரின் கண்ணை மூடும். மெசினோடு வரும் கைப்புத்தகம் மாதத்துக்கு ஒருதரம் செய்யச் சொல்லும் வேலையை இங்கே கிழமைக்கு ஒருதரம் செய்ய வேண்டியிருப்பது அதனால்தான்.

தும்புத்தடியை எறிந்துவிட வேண்டாம். மண்ணும் மணலும் தும்புத்தடிக்கு, மிஞ்சும் தூசியும் மயிரும் றோபோவுக்கு. இந்தப் பங்கீட்டைக் கடைப்பிடிக்கும் வீட்டில் மெசின் வருடக்கணக்கில் ஓடும். கூட்டாத தரையில் விடும் வீட்டில் சில மாதத்திலேயே கரகரக்கத் தொடங்கும்.

வாங்க முன், வெளிநாட்டிலிருந்து வர முன்

முதலில் தரையைப் பாருங்கள். ரைல்ஸும் நன்றாகப் பொலிஷ் பண்ணிய சீமெந்துத் தரையும் றோபோவுக்குத் தோதானவை. பூச்சு மட்டும் பூசி விட்ட சீமெந்துத் தரையானால் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். கையில் சாம்பல் நிறத்தில் தூள் ஒட்டினால் தரையே கரைந்து தூளாகிக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதில் றோபோ எத்தனை தரம் ஓடினாலும் முடிவிராது, சீமெந்துத் தூள் மோட்டாரையும் கெடுக்கும். தரைப் பெயின்ற் அடித்த பிறகு மெசினை யோசிக்கலாம். சாணி மெழுகிய தரையிலும் மண் தரையிலும் இதை விடவே கூடாது.

அடுத்தது உயரம். தலையில் வட்டமான லேசர் கோபுரம் உள்ளவை ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் உயரம். கோபுரம் இல்லாதவை 8 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் கீழே எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். மெசினை விட 1 சென்ரிமீற்றராவது கூட இருக்க வேண்டும். மட்டாக இருந்தால் உள்ளே போய் இறுகிக் கிடந்து கத்தும்.

கதவு நிலையின் கீழ்ப்படியையும் அளவுங்கள். பெரும்பாலான மெசின்கள் 2 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறமாட்டா. பழைய வீடுகளில் நிலையின் அடிக்கட்டை அதைவிட உயரமாக நிற்கும். 3 சென்ரிமீற்றர் படி என்றால் இரண்டு பக்கமும் 15 சென்ரிமீற்றர் நீளத்துக்குச் சரிவாக ஒரு பலகைத் துண்டைத் தச்சரிடம் சீவி வாங்கி, அசையாமல் ஒட்டிவிடலாம். அதற்கு வசதியில்லையென்றால் ஒவ்வொரு அறையாகத் தூக்கி விடுவதுதான் வழி. அதில் ஒரு குறையும் இல்லை.

உறிஞ்சும் வலுவைப் பாஸ்கல் கணக்கில் பெரிதாக விளம்பரம் செய்வார்கள். கம்பளம் இல்லாத தரைக்கு 2000 முதல் 2500 பாஸ்கல் தாராளம். அதற்கு மேல் காசைக் கொட்டுவதைவிட இரண்டு மேலதிக பில்டர், ஒரு சோடிப் பக்கப் பிரஷ் வாங்கி வைப்பது எவ்வளவோ மேல். உதிரிப்பாகம் இலகுவில் கிடைக்கிற மொடலையே எடுங்கள். கொழும்பிலிருந்து பார்சலில் வரவழைக்கக்கூட முடியாத மொடல் என்றால், எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

வன்னி வீடுகளுக்குக் கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ உறவுக்காரர் கொண்டுவரும் மெசின்களும் வரும். அதிலே கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் மின்சாரம். எங்கள் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், கனடாவில் 120. அடப்டரின் அடியில் இன்புட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 100–240 என்று போட்டிருந்தால் பிளக்கின் தலையை மட்டும் மாற்றினால் போதும். டொக் என்பது மெசின் வந்து நின்று சார்ஜ் ஏற்றும் தளம். தூசியைத் தானே இழுத்துப் பையில் போடும் பெரிய டொக்கோடு வருபவைதான் ஆபத்து. வட அமெரிக்காவில் விற்கும் அத்தகைய டொக்குகளில் பல 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. நேரடியாகச் சொருகினால் எரிந்துவிடும். தூசி இழுக்கும் நேரத்தில் அந்த டொக் 1000 வாட் அளவில் கரண்ட் எடுப்பதால், 1500 வாட்டுக்குக் குறையாத ட்ரான்ஸ்போமர் வேண்டும். இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால், தூசி இழுக்காத சாதாரண டொக் உள்ளதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். லண்டன், சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ் மெசின்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

விமானத்தில் கொண்டுவரும்போது மேலதிகமாக வாங்கிய தனிப் பற்றரி கைப்பையில்தான் வர வேண்டும், பெரிய பெட்டிக்குள் போடக் கூடாது. 14.4 வோல்ட், 5200 மில்லியம்பியர் மணி பற்றரி என்றாலும் கணக்கு 75 வாட் மணிதான். விமானத்துக்கான 100 வாட் மணி எல்லைக்குள் அடங்கும்.

டொக்கை எங்கே வைப்பது

சுவரோடு ஒட்டி, தரை மட்டமாக, இரு பக்கமும் அரை மீற்றர், முன்னால் ஒன்றரை மீற்றர் வெளியாக இருக்கும் இடம் வேண்டும். வெயில் நேரே விழும் இடம் ஆகாது. டொக் அனுப்பும் அகச்சிவப்புக் கதிரைப் பிடித்துத்தான் மெசின் வீடு திரும்புகிறது. பின்னேர வெயில் அந்தக் கதிரை மறைத்துவிடும். விறாந்தையில் டொக் வைத்த வீடுகளில் மெசின் டொக்குக்கு முன்னால் வந்து வந்து திரும்புவது இதனால்தான். தகரக் கூரைக்குக் கீழே மேற்குச் சுவரோரம் வைப்பதும் நல்லதல்ல. 40 பாகைக்கு மேல் சூடு ஏறினால் லிதியம் பற்றரியின் ஆயுள் விரைவாகக் குறையும். நடு அறையின் உட்சுவர்தான் பொருத்தம்.

மாரியில் வெள்ளம் ஏறும் காணி என்றால் மழை பிடித்த நாட்களில் டொக்கையும் மெசினையும் மேசைக்கு மேல் ஏற்றிவிடுங்கள். 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இரவோடு இரவாக வீடுகளுக்குள் வெள்ளம் வந்ததை மறக்க முடியாது. தண்ணீரில் நனைந்த மெசினைக் காய்ந்துவிட்டது என்று நம்பிச் சார்ஜில் போடக் கூடாது.

முதல் ஓட்டமும் வைஃபையும்

வந்தவுடன் ஓடவிட வேண்டாம். அடியில் உள்ள சுவிட்சைப் போட்டு, முழுச் சார்ஜ் ஏறும்வரை டொக்கில் விடுங்கள். முன்னால் முட்டினால் அமுங்கும் பம்பரின் இரு பக்கமும் சொருகியிருக்கும் பஞ்சுத் துண்டையும் சென்சரில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளையும் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். புது மெசின் ஓட மறுப்பதற்கு அடிக்கடி காரணம் அவைதான்.

போனில் செயலியை இறக்கி வைஃபையோடு இணைக்கும்போது, றவுட்டரின் 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில் போன் இருக்க வேண்டும். 5 கிகாஹேட்ஸை அநேக மெசின்கள் பிடிக்கா. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த றவுட்டர் என்றால் இணைக்கும் நேரத்துக்கு மட்டும் 5 ஐ நிறுத்தி வையுங்கள். சீனாவுக்குள் விற்பதற்கென்று செய்த மெசின் ஆனால் செயலியில் பிரதேசத்தைச் சீனா என்று தெரிவுசெய்தால்தான் அது காட்சி தரும். வீட்டில் வைஃபை இல்லையா, கவலைப்பட வேண்டாம். மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் மெசின் ஓடும். வரைபடம், தடை வலயம் (மெசின் போகக் கூடாதென்று செயலியில் குறிக்கும் இடம்) போன்றவை மட்டும் கிடைக்கா.

முதல் வரைபடம் எடுக்கும் ஓட்டத்தில் எல்லா அறைக் கதவையும் திறந்து வைத்து, கதிரைகளை வழமையான இடத்தில் விட்டு, ஆட்கள் குறுக்கே நடமாடாமல் இருந்தால் படம் துல்லியமாக வரும். அது முடிந்ததும் தடை வலயங்களைப் போடுங்கள். சாமி அறை முதலாவது. குத்துவிளக்கடியில் சிந்திய எண்ணெயில் ஒருமுறை சில்லுப் பட்டால் வீடு முழுக்க எண்ணெய்க் கோடு இழுத்துக்கொண்டு போகும், அதன்மேல் புழுதி ஒட்டும், சில்லும் வழுக்கும். மாதா சுரூபத்தடியில் மெழுகுதிரி உருகி விழும் இடமும் அப்படியே. நுளம்புத்திரி வைக்கும் மூலை இரண்டாவது. அணைந்த சாம்பல் பில்டரை அடைக்கும். அணையாத நெருப்பு தூசிப் பெட்டிக்குள் போனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, விறாந்தை விளிம்பு. மெசினின் அடியில் உள்ள விளிம்புச் சென்சர் ஆழமான பள்ளத்தைக் கண்டு திரும்பிவிடும். 4, 5 சென்ரிமீற்றர் மட்டுமே தாழ்ந்த படியை அது பள்ளமாக எடுக்காமல் இறங்கிவிடலாம். இறங்கினால் பிறகு ஏறத் தெரியாது. விளிம்பில் பாய் தொங்கிக்கொண்டிருந்தாலும் பாயோடு சேர்ந்து சறுக்கும். அங்கே செயலியின் கோட்டை மட்டும் நம்பாமல் ஒரு பலகையைக் குறுக்கே வையுங்கள்.

நாளாந்த ஓட்டம்

சோளகம் பகல் ஏற ஏற வலுக்கும். அதனால் விடியப்புறம்தான் நல்ல நேரம். முற்றத்துக்குத் தண்ணி தெளித்துக் கூட்டி முடித்து, உள்ளேயும் தும்புத்தடியால் மணலை வாரி எடுங்கள். யன்னலைச் சாத்துங்கள், ஃபானை நிறுத்துங்கள். எழும்பின தூசி படிய 15, 20 நிமிடம் விட்டு, பிறகு மெசினை விடுங்கள். ஃபான் சுழல ஓடவிட்டால் பக்கப் பிரஷ் தட்டிய தூசி பறந்து, மெசின் போன பிறகு மறுபடி தரையில் இறங்கும். பலர் மெசின் சரியில்லை என்று குறை சொல்வது இந்த ஒன்றினால்தான்.

ஓடவிட முன் தரையில் இருந்து எடுக்க வேண்டியவை: உரப்பை நூல், போன் சார்ஜர் வயர், பிள்ளைகளின் ரிபன், பன்பாய், சேலைத் தொங்கல். உரப்பையின் வாய் தைத்த நூல்தான் மிக மோசம். உருளைப் பிரஷில் சுற்றினால் அறாது, இறுகிக்கொண்டே போய் மோட்டாரை நிறுத்தும். பன்பாயின் ஓரத்தைப் பிரஷ் பிடித்து உரிக்கும், ஆகவே பாயைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

கோழியோ நாய்க்குட்டியோ உள்ளே வந்துபோகும் வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்கு நேர அட்டவணை போட வேண்டாம். எச்சத்தின் மேல் மெசின் ஏறினால் அதை எல்லா அறைக்கும் பூசிவிட்டு வரும். பிறகு சில்லு, பிரஷ், பெட்டி எல்லாம் கழற்றிக் கழுவி ஒரு நாளே போய்விடும். போகம் வெட்டி நெல் மூட்டை வீட்டுக்குள் அடுக்கிய நாட்களிலும் அந்த அறைக்குள் விடாதீர்கள். நெல்மணி சில்லுக்குள் சிக்கும், சுணை பில்டரை ஒரே ஓட்டத்தில் மூடும். கச்சான் உடைத்த இடத்தையும் கோதை அள்ளிய பிறகே கொடுக்க வேண்டும். முதல் மாரி மழைக்குப் பிறகு லைற்றடியில் குவியும் ஈசல் சிறகை மட்டும் மெசின் அழகாக எடுக்கும். தும்புத்தடிக்கு அது பறந்து பறந்து போகும்.

சுத்தம் செய்தல்

தூசிப் பெட்டியை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கொட்ட வேண்டும். பாணின் துகள் உள்ளே கிடந்தால் இரவுக்குள் எறும்பு குடியேறிவிடும். வெளியே போய்க் காற்று முதுகில் படும்படி நின்று கொட்டுங்கள், முகத்துக்கு வராது.

பில்டருக்குத்தான் கூடிய கவனம். வெள்ளை மடிப்புத் தாளாக இருப்பது ஹெப்பா பில்டர். அதன் மடிப்புக்குள் செம்புழுதி இறங்கினால் வெளியில் துப்புரவாகத் தெரிந்தாலும் காற்றுப் போகாது. உறிஞ்சுவது குறைந்து, மோட்டாரின் சத்தம் மட்டும் கீச்சென்று உயரும். சோளகக் காலத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் பில்டரை வெளியே எடுத்து, வாளி விளிம்பில் மெதுவாகத் தட்டுங்கள். அழுக்குப் பக்கம் கீழே பார்க்க வேண்டும். மடிப்பைப் பிரஷால் தேய்த்தால் தாள் கிழியும். சைக்கிள் கடைக் காற்றுப் பம்பியை நெருக்கமாகப் பிடித்து ஊதினாலும் அதே கதி.

கழுவலாமா என்பது பில்டரைப் பொறுத்தது. கழுவக்கூடியது என்று கைப்புத்தகத்தில் இருந்தால் மட்டும், சவர்க்காரம் இல்லாமல் வெறும் தண்ணீரில் அலசுங்கள். பிறகு காற்றோட்டமான நிழலில் கோடையில் 24 மணி நேரம், மாரியில் 48 மணி நேரம். கொதிக்கிற வெயிலில் வைத்தால் ஓரத்து இறப்பர் நெளிந்து, தூசி பக்கத்தால் கசிந்து மோட்டாருக்குப் போகும். ஈரம் காயாத பில்டரைப் போட்டால் உள்ளே போகும் தூசி சேறாகும், பூஞ்சை மணம் வரும். இரண்டு பில்டர் வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் அவசரப்படத் தேவையில்லை. எப்படிப் பேணினாலும் இரண்டு மூன்று மாதத்தில் புதிதாக மாற்றுங்கள்.

கிழமைக்கு ஒருநாள் மெசினை நிறுத்திக் கவிழ்த்து வையுங்கள், அடியில் மெத்தென்ற துணி விரித்து. உருளைப் பிரஷின் மூடியைக் கழற்றி எடுத்து, சுற்றிய மயிரையும் தும்பையும் கத்தரியால் நீளவாட்டில் வெட்டி இழுங்கள். நடுவில் உள்ளதை மட்டும் எடுத்தால் போதாது. இரண்டு நுனியிலும் உள்ள சிறிய மூடியைக் கழற்றினால் உள்ளே மயிர் வளையமாக இறுகிக் கிடக்கும். அது உரசி உரசிச் சூடேறி, மூடியின் பிளாஸ்டிக் உருகிய மெசின்களும் உண்டு. நீண்ட கூந்தல் உள்ளோர் இரண்டு மூன்று பேர் இருக்கும் வீட்டில் கிழமைக்கு இருமுறை பாருங்கள்.

பக்கப் பிரஷின் அடியிலும் மயிர் இருக்கும். வளைந்து போன பிரஷை உடனே எறிய வேண்டாம். சுடுதண்ணீரில் சில விநாடி பிடித்தால் நிமிரும். கொதிக்கிற தண்ணீர் அல்ல, கை பொறுக்காத அளவுச் சூடு போதும். முன்சில்லை இழுத்தால் கழன்று வரும். அதன் அச்சைத் துடைத்துத் திரும்ப அமுக்குங்கள். பெரிய சில்லுகளைக் கையால் சுழற்றிப் பாருங்கள். நறநறவென்றால் மணல் புகுந்திருக்கிறது. காய்ந்த பெயின்ற் பிரஷால் தட்டி எடுங்கள். தேங்காயெண்ணெயோ தையல் மெசின் எண்ணெயோ விடவே கூடாது. எண்ணெயும் புழுதியும் சேர்ந்தால் அரைக்கிற களியாகிப் பற்சில்லைத் தின்றுவிடும்.

விளிம்புச் சென்சர்கள் அடிப்பக்க ஓரத்தில் சின்னக் கறுப்புக் கண்ணாடிகளாக நாலு முதல் ஆறு வரை இருக்கும். உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். தூசி மூடினால் தரை தெரியாமல் எங்கும் பள்ளம் என்று நினைத்து, மெசின் பின்னுக்குப் பின்னுக்குப் போகும். சார்ஜ் ஏறும் தகடுகளையும் துடையுங்கள். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோர வீடுகளில் உப்புக் காற்றால் அவை கறுக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்தாலே பளிச்சென்று வரும்.

தண்ணீரால் துடைக்கும் மெசின் என்றால்

வன்னிக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். தாங்கியின் சின்னத் துளையிலும் அதே படிந்து அடைக்கும். ஆர்.ஓ முறையில் வடிகட்டிய தண்ணீரோ, வடித்த மழைத் தண்ணீரோ விடுங்கள். ஏற்கெனவே அடைபட்டிருந்தால், கைப்புத்தகம் தடுக்காத பட்சத்தில் ஒரு பங்கு வினாகிரி, மூன்று பங்கு தண்ணீர் விட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரால் இரண்டு தரம் அலசுங்கள். பினைல், டெற்றோல், குளோரின் எதுவும் தாங்கிக்குள் வேண்டாம்.

தூசி எடுக்காத தரையை ஈரத்தால் துடைத்தால் செம்மண் கறை பூசும். முதல் ஓட்டம் காய்ந்தது, இரண்டாவது ஈரம். வேலை முடிந்ததும் துணியைக் கழற்றித் தோய்த்து வெயிலில் போட்டு, தாங்கித் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். ஈரத்துணியோடு டொக்கில் இரவு கிடந்தால் மணக்கத் தொடங்கும்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

கறுப்பு ரைல்ஸ் ஓரத்தில் திரும்பித் திரும்பிப் போகிறது என்றால் பழுது அல்ல. கறுப்பு அகச்சிவப்பு ஒளியை விழுங்குவதால் அதைப் பள்ளம் என்று எடுக்கிறது. சிலர் சென்சரின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டச் சொல்லுவார்கள். விறாந்தைப் படி உள்ள வீட்டில் அதைச் செய்தால் மெசின் விழுந்து உடையும்.

முட்டாமலே முட்டியதுபோல் நின்று சுழல்கிறது என்றால் பம்பர் உள்ளே அமுங்கி இறுகியிருக்கும். இரு பக்கமும் கையால் சில தரம் தட்டி, இடுக்கில் உள்ள மணலை ஊதிவிடுங்கள். லேசர் கோபுரம் சுழலவில்லை என்றால் அதன் இடுக்கில் சிலந்தி வலையோ மயிரோ சிக்கியிருக்கும். உறிஞ்சவில்லை என்றால் பில்டர், பெட்டியின் வாய், உருளைப் பிரஷுக்கு மேலே உள்ள குழல் என்ற வரிசையில் பாருங்கள். குழலுக்குள் தும்புக்கட்டை அடைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, ரோர்ச் அடித்துப் பாருங்கள். வீட்டைப் பாதி துப்புரவாக்கியதுமே மெசின் டொக்குக்குத் திரும்பினால், முழுச் சார்ஜில் முன்பு ஓடிய நேரத்தோடு ஒப்பிடுங்கள். பாதியாகக் குறைந்திருந்தால் பற்றரி முடிகிறது.

பற்றரி, இடிமின்னல், நீண்ட பயணம்

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடிமழை வரும். வானம் இருண்டதும் டொக்கின் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. மின்வெட்டு வந்து போனால் கரண்ட் திரும்பிய சில நிமிடத்துக்குப் பிறகு சொருகுவது நல்லது.

மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிப் போவதாக இருந்தால், தூசிப் பெட்டியைத் துப்புரவாக்கி, முழுச் சார்ஜ் ஏற்றி, அடிச் சுவிட்சை நிறுத்தி, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருதரம் யாராவது வந்து சார்ஜ் போட வேண்டும். முற்றாக வடிந்து கிடக்கும் பற்றரி பிறகு சார்ஜே எடுக்காமல் போகலாம்.

புதுப் பற்றரி வாங்கும்போது வோல்ட் அளவும் வயர் முனையின் வடிவமும் பழையதோடு ஒன்றாக இருக்க வேண்டும். பழையது ஊதியிருந்தாலோ, மெசினின் அடி மூடி தானாக உயர்ந்திருந்தாலோ அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். கழற்றிய பற்றரியின் முனைகளை ரேப்பால் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட தகரப் பேணிக்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே பிள்ளைகளுக்கு எட்டாத நிழலில் வையுங்கள். இலத்திரனியல் கழிவு சேர்க்கும் நாளில் அதைத் தனியாகக் கையில் கொடுங்கள். வளவில் குப்பை கொளுத்தும் கிடங்குக்குள் போட்டால் வெடிக்கும்.